தெற்கு யூட்டா, 9 நாள், இரண்டு பேர், ஒரு கூடாரம்: மண் சாலை, தண்ணீர், திடீர் வெள்ளம் பற்றிச் சில கேள்விகள்

செம்மண்தூசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் 2-ஆம் வாரம் நண்பனும் நானும் 9 நாள் பயணமாகத் தெற்கு யூட்டா போகிறோம். புறப்படுவதும் திரும்பி வருவதும் லாஸ் வேகாஸ். வண்டி நண்பனுடையது: 2019 சுபாரு அவுட்பேக், பாதி தேய்ந்த ஆல் சீசன் டயர்கள், ஸ்டெப்னி அந்த மெலிந்த தற்காலிக வகை. எல்லா இரவும் கூடாரம்தான்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் வரிசை: ஸயான் 1 இரவு, பிரைஸ் 1, எஸ்கலான்டே 2, கேப்பிடல் ரீஃப் 1, மோவாப் 2, மானுமென்ட் வேலி 1. பிறகு பேஜ் ஊர் வழியாக வேகாஸ்.

தெரிய வேண்டியவை:

1. இந்த வண்டியில் எந்த மண் சாலைகளுக்குத் துணிந்து போகலாம்? மனதில் இருப்பவை: ஹோல் இன் தி ராக் ரோட்டில் டிரை ஃபோர்க் வரை, கதீட்ரல் வேலி, ஷேஃபர் டிரெயில், ஹவுஸ் ராக் வேலி ரோடு.
2. தண்ணீர் எவ்வளவு எடுத்துக்கொள்வது, எங்கே நிரப்புவது?
3. அக்டோபரில் ஸ்லாட் கேன்யன்களுக்குள், அதாவது குறுகிய பாறை இடுக்குகளுக்குள், போவது பாதுகாப்பா? பருவமழை முடிந்துவிடும் என்கிறார்களே?
4. முன்பதிவு கிடைக்காத இரவுகளில் எங்கே தங்குவது?

"போய்ப் பாருங்க, சூப்பரா இருக்கும்" வகைப் பதில்கள் நிறைய வாசித்தாகிவிட்டது. கணக்கோடு சொன்னால் நன்றி.

---

வரிப்பாதை

சாலைக் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

அவுட்பேக்கின் தரை இடைவெளி 8.7 அங்குலம். நீங்கள் சொன்ன சாலைகளில் முக்கால்வாசிக்கு அது தாராளம். இடிக்கிற இடம் வேறு. லோ ரேஞ்ச் கியர், அதாவது மெதுவாக ஆனால் அதிக விசையோடு இழுக்கும் கியர், கிடையாது. சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸ் மணலில் உழைத்தால் சூடாகும். டயரின் பக்கச்சுவர் மெலிது. ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு மண் சாலையில் 26 மைல் திரும்பி வர முடியாது. நான்கில் கடைசி இரண்டையும்தான் பணம் கொடுத்துச் சரிசெய்ய முடியும்: அதே அளவில் முழு ஸ்டெப்னி ஒன்று, இல்லாவிட்டால் குறைந்தபட்சம் கயிறு வகை பஞ்சர் கிட்டும் நல்ல கம்ப்ரசரும்.

ஹோல் இன் தி ராக் ரோடு, எஸ்கலான்டே ஊருக்குக் கிழக்கே 5 மைலில் நெடுஞ்சாலை 12-லிருந்து பிரிகிறது. டிரை ஃபோர்க் திருப்பம் 26-ஆவது மைலில். குழிகளை விட வரிகள்தான் தொல்லை, சலவைப் பலகை மாதிரி. மணிக்கு 12-15 மைலில் போனால் பல் ஆடும். 35-ஐத் தொட்டால் சக்கரம் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கிப் போகும். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் தரைப்பிடி பாதிகூட இல்லை. வளைவில் பின்பக்கம் தனியாகக் கிளம்பும். காற்றை 25 பிஎஸ்ஐக்கு இறக்கி 20-25 மைல் வேகத்தில் போங்கள், போக ஒன்றரை மணி நேரம் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் திறந்து பேட்டரி கிளாம்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கூரைப் பெட்டி இருந்தால் அதன் போல்ட், பிறகு நம்பர் பிளேட். இந்தச் சாலை எதையாவது கழற்றாமல் விடாது. திருப்பத்துக்குப் பிறகு வரும் கிளைப்பாதை மோசமென்று தோன்றினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

கதீட்ரல் வேலியை முழுச் சுற்றாக, ஏறக்குறைய 58 மைல், போக நினைத்தால் ஹார்ட்நெட் பக்கம் ஃபிரீமான்ட் ஆற்றுக்குள் வண்டியை இறக்க வேண்டும். அதைத் தவிர்த்துவிடுங்கள். கேன்வில் வாஷ் ரோடு வழியாக உள்ளே போய், டெம்பிள் ஆஃப் தி சன், டெம்பிள் ஆஃப் தி மூன் இரண்டையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். ஒரு பக்கம் சுமார் 17 மைல், ஆறு குறுக்கிடாது. தரை காய்ந்திருந்தால் உங்கள் வண்டி போகும்.

ஷேஃபர் வேண்டாம். இறங்குவது யாருக்கும் முடியும். செங்குத்தான கொண்டை ஊசி வளைவில், எதிரே ஜீப் வந்தால், ஓரம் ஒதுங்கி நின்று மறுபடி ஏறுவதற்கு லோ ரேஞ்ச் வேண்டும். மேலே பார்வையாளர் மையத்தை ஒட்டியுள்ள காட்சி முனையிலிருந்தே முழுப் பாதையும் தெரியும். அதன் கீழே தொடரும் ஒயிட் ரிம் சாலைக்குப் பகலில் போய் வரவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஹவுஸ் ராக் வேலி ரோட்டில் வயர் பாஸ் வரை 8 மைல் சொச்சம். காய்ந்திருந்தால் கார் கூடப் போகும். நனைந்திருந்தால் எதுவும் போகாது.

ஏன் எதுவும் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலே பாதி முடிவு எடுக்கலாம். இந்தப் பகுதியின் சின்லே, மோரிசன் பாறை அடுக்குகளில் பழைய எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பென்டோனைட் களிமண் இருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பும். காயும்போது சுருங்கி மேற்பரப்பு பொரி கொட்டியது போல ஆகிவிடும். சாலையின் இருபுறமும் சாம்பல், வெளிர் ஊதா, பச்சை கலந்த குன்றுகள் பொரிப்பொரியாகத் தெரிந்தால் நீங்கள் களிமண்மேல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சிவப்பு மணல் என்றால் அது மணற்கல் உதிர்ந்தது, மழைக்குப் பிறகு இறுகித் தரமாகக்கூட இருக்கும். களிமண் நனைந்தால் நான்கைந்து சுற்றிலேயே டயரின் வரிப்பள்ளம் எல்லாம் அடைந்து, டயர் மழுமழுவென்று சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். பிறகு அது மட்கார்டுக்குள் ஏறிச் சக்கரத்தையே பிடிக்கும். நான்கு சக்கர இயக்கம் செய்வதெல்லாம் நான்கையும் ஒன்றாக வழுக்க விடுவதுதான்.

அப்படி மாட்டினால் ஒரே வழி, காத்திருப்பது. லேசான தூறல் என்றால் அக்டோபர் வெயிலுக்கும் காற்றுக்கும் அரை நாள், ஒரு நாளில் காய்ந்துவிடும். இரவு முழுக்கப் பெய்தால் இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால்தான் மண் சாலைக்குள் நுழையும்போது திட்டத்துக்கு மேல் ஒரு நாள் தண்ணீரும் சாப்பாடும் வண்டியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அவசரப்பட்டு இழுவை வண்டியைக் கூப்பிட்டால் உள்ளிருந்து மீட்க ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். சாலை காயும் வரை அவர்களும் வரமாட்டார்கள்.

---

படிகாரம்

தண்ணீர் பற்றி.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 காலன், அதாவது 3.8 லிட்டர். கை, பாத்திரம் கழுவ அரை காலன். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 3 காலன் ஆயிற்று. நிரப்பும் இடங்களுக்கு நடுவே அதிகபட்சம் 2 நாள் என்று வைத்து, மேலே உள்ளவர் சொன்ன மாட்டிக்கொள்ளும் நாளையும் சேர்த்தால் 9 காலன். ஒரு 7 காலன் கெட்டி பிளாஸ்டிக் ஜக்கும் மீதிக்கு 1 காலன் குடுவைகளும் வாங்குங்கள். மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள்: வரிச்சாலையில் குழாய்முனை உடைந்தால் முழுக்கக் காலி. ஒரு காலன் 8.3 பவுண்டு, ஆக 75 பவுண்டு. பின்னிருக்கைக்குப் பின்னால், தரையோடு, பட்டி போட்டு. கூரையில் ஏற்றவே கூடாது.

நிரப்பும் இடங்கள்: ஸயானின் வாட்ச்மேன் முகாம், எஸ்கலான்டே ஊர், கேப்பிடல் ரீஃபின் ஃபுரூட்டா, ஹாங்ஸ்வில், மோவாப். கேன்யன்லாண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பக்கமுள்ள முகாமில் குழாயே கிடையாது, மோவாபிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொள்ளலாம் என்று எண்ணம் இருந்தால் இரண்டு சங்கதி. ஸயானின் வர்ஜின் ஆற்றில் 2020-இல் நச்சுப் பாசி, சயனோபாக்டீரியா, கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நச்சை முதுகுப்பை வடிகட்டியும் எடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரில் தலை முங்காமல் இருப்பதும் நல்லது. இரண்டாவது, ஃபிரீமான்ட், கொலராடோ மாதிரி ஆறுகளின் தண்ணீர் கோகோ நிறத்தில் ஓடும். நேரே வடிகட்டியில் ஊற்றினால் ஒரு லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளும். அதற்கு நம் பாட்டிமார் கிணற்றுத் தண்ணீருக்குச் செய்ததுதான்: 5 காலன் வாளிக்கு ஒரு தேக்கரண்டி படிகாரத் தூள், ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கு, பிறகு மெதுவாக, பிறகு தொடாதே. வண்டல் சிறு சிறு பஞ்சாகத் திரண்டு இறங்குவது கண்ணுக்கே தெரியும். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு வடிகட்டுங்கள். கொலராடோ ஆற்றில் படகுவிடுகிறவர்கள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இது கைவசம் வைத்திருக்கும் மாற்றுவழி. திட்டமே இதுவாக இருக்கக் கூடாது.

பாறைக்குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும். அதில் கை கால் கழுவாதீர்கள், சன்ஸ்கிரீன் பூசிய கையை விடாதீர்கள். விலங்குகளுக்கு அதுதான் குடிநீர், உள்ளே குட்டி இறால் மாதிரி உயிர்களும் இருக்கும்.

நடக்கும்போது தண்ணீரை மட்டும் மொடக் மொடக்கென்று குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. வியர்வையோடு போகும் உப்பு திரும்பாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்துக் கெடுப்பார்கள். மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஒரு லிட்டர் வரை, கூடவே உப்புக்கடலை மாதிரி ஏதாவது.

யாரும் கேட்காத கேள்வி: கழிப்பிடம். பாலை மண்ணில் புதைத்தது மக்காது, ஈரமும் நுண்ணுயிரும் போதாது. மோவாப் சுற்றுவட்டாரத்தில் கழிவைக் கையோடு எடுத்துவருவது விதி. அதற்கென்றே ஜெல் தூள் போட்ட இரட்டைப் பை விற்கிறார்கள், வாக் பேக் என்று கேட்டால் கிடைக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு ஒன்று, மேலே இரண்டு கூடுதல். பயன்படுத்தியதை இறுக்கமான மூடியுள்ள வாளியில் போடுங்கள். வெயிலில் மூடிய காருக்குள் வாளி இல்லாமல் வைத்தால் நட்பு முறியும்.

---

மூன்றுமணிக்காற்று

உங்கள் வரிசையில்தான் எனக்கு ஆட்சேபம். வேகாஸ்–ஸயான் 165 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, நெடுஞ்சாலை 12 வழியாக கேப்பிடல் ரீஃபை ஒட்டிய டோரி ஊர் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், ஹாங்ஸ்வில், அங்கிருந்து மோவாப் 115, மானுமென்ட் வேலி 150, பேஜ் 125, வேகாஸ் 275. தார்ச்சாலை மட்டுமே 1,100 மைல். மண் சாலை, உள்சாலை சேர்த்தால் 1,400. நடக்கிற நேரத்தைவிடச் சீட்டில் உட்காருகிற நேரம் அதிகம். அக்டோபர் நடுவில் மாலை 7 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், இருட்டில் திறந்த மேய்ச்சல் நிலத்தில் மாடும் மானும் குறுக்கே வரும்.

மோவாபை எடுத்துவிடுங்கள். ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் தனிப் பயணத்துக்குத் தகுதியானவை. ஹாங்ஸ்வில்லிலிருந்து நெடுஞ்சாலை 95-இல் தெற்கே வாருங்கள்: கொலராடோவைத் தாண்டி, நேச்சுரல் பிரிட்ஜஸ் பார்த்து, 261-இல் மோக்கி டக்வே இறங்கி, வேலி ஆஃப் தி காட்ஸில் தங்கி, மறுநாள் மானுமென்ட் வேலி. மோக்கி டக்வே 3 மைல் சரளைக்கல் மலைப்பாதை, 1,100 அடி இறக்கம். காய்ந்திருந்தால் சாதாரணக் கார் போகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் சிவிடியை மேனுவல் முறையில் 1, 2-இல் வையுங்கள். மிச்சமாகும் ஒரு இரவை எஸ்கலான்டேக்குக் கொடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பெட்ரோல். ஹாங்ஸ்வில் முதல் பிளாண்டிங் வரை 120 மைலுக்கு மேல், நடுவே நம்பக்கூடிய பங்க் இல்லை. ஹாங்ஸ்வில்லில் டேங்க் முழுதாக இல்லாமல் 95-இல் திரும்பாதீர்கள். யூட்டா பம்புகளில் மலிவானது 85 ஆக்டேன். உங்கள் வண்டிக்கு 87 தேவை, எனவே நடுப் பொத்தான்.

பாஸ்: ஸயான் 35, பிரைஸ் 35, கேப்பிடல் ரீஃப் 20 டாலர் என்று தனித்தனியாகக் கொடுப்பதைவிட 80 டாலர் வருடாந்திரப் பாஸ் சரி. 2026 முதல் அந்த விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு 250. மானுமென்ட் வேலி நவஹோ மக்களுடைய பூங்கா, அங்கே இந்தப் பாஸ் செல்லாது. நவஹோ நிலத்தில் மதுவும் கூடாது, வண்டிக்குள் மூடி வைத்திருந்தாலும் தவறுதான்.

மணி குழப்பம் ஒன்று உண்டு. யூட்டாவும் நவஹோ நிலமும் கோடைக்கால நேரம் பின்பற்றும், அரிசோனாவின் மற்ற பகுதி பின்பற்றாது. பேஜ் ஊர் அரிசோனா நேரம். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரம் காட்டும். ஆன்டெலோப் கேன்யனுக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். அந்த டிக்கெட் நேரத்தை பேஜ் நேரமாக எடுத்து, கைக்கடிகாரத்தில் கையால் மாற்றி வையுங்கள்.

முகாம் இடம்: வாட்ச்மேன், ஃபுரூட்டா இரண்டும் 6 மாதம் முன்பே திறந்து நிரம்பிவிடும். ரத்தாகும் இடங்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் தலைகாட்டும், தினமும் காலையில் பாருங்கள். கிடைக்காவிட்டால் மத்திய நில நிர்வாகத்தின், அதாவது பிஎல்எம்மின், திறந்த நிலம். ஏற்கெனவே கூடாரம் போட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் போட வேண்டும். கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலான்டே எல்லைக்குள் இரவு தங்க இலவச அனுமதிச் சீட்டு எழுத வேண்டும், எஸ்கலான்டே பார்வையாளர் மையத்திலேயே தருவார்கள். அக்டோபர் 3-ஆவது வாரம் யூட்டா பள்ளிகளுக்கு விடுமுறை வரும், அந்த வியாழன் முதல் ஞாயிறு வரை எல்லா இடமும் நிறையும். உங்கள் தேதி அதைத் தொடுகிறதா பாருங்கள். மான் வேட்டைப் பருவமும் அக்டோபரில்தான், தேசியப் பூங்காவுக்கு வெளியே நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்வது கேவலமில்லை.

---

செம்மண்தூசி

மிக்க நன்றி. மோவாபை எடுத்துவிட்டோம், 95 வழிதான். நண்பனுக்குக் கொஞ்சம் வருத்தம், சமாளித்துக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. எஸ்கலான்டே ஊர் வானிலையில் "மழை வாய்ப்பு 10%" என்று இருந்தால் டிரை ஃபோர்க்கில் உள்ள பீக்-அ-பூ, ஸ்பூக்கி ஸ்லாட் கேன்யன்களுக்குள் போகலாமா? பாறைமேல் கூடாரம் போட்டால் முளை எப்படி இறங்கும்?

---

ஓடைக்கரை

10% என்பது அந்த ஊர் என்ற புள்ளியில் மழை விழும் வாய்ப்பு. நீங்கள் நிற்கப்போவது புள்ளியில் அல்ல, ஒரு புனலின் மூக்கில். மேலே பல சதுர மைல் வழுக்குப்பாறையில் எங்கு விழுந்தாலும் மண் உறிஞ்சாமல் அத்தனையும் அந்த இடுக்குக்குத்தான் வரும். 1997 ஆகஸ்ட் 12-இல் லோயர் ஆன்டெலோப் கேன்யனில் 11 பேர் இறந்தபோது மழை கொட்டியது மேலே மைல்கணக்கில் தள்ளி. 2015 செப்டம்பர் 14-இல் ஸயானின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இறந்தார்கள். ஆகவே ஊரின் முன்னறிவிப்பைப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் அந்த ஓடை எங்கே தொடங்குகிறது என்று விரலால் பின்தொடர்ந்து, அந்த மேட்டுப்பகுதியின் முன்னறிவிப்பைப் பாருங்கள்.

அதைவிட எளிது: தேசிய வானிலைச் சேவை தெற்கு யூட்டாவின் பூங்காக்களுக்குத் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது. எதிர்பார்ப்பில்லை, சாத்தியம், பெரும்பாலும் உண்டு, நிச்சயம் என்று ஏறும். "எதிர்பார்ப்பில்லை" என்ற நாளில் மட்டும் ஸ்லாட்டுக்குள் போங்கள். "சாத்தியம்" என்றால் அன்றைக்கு நெடுஞ்சாலை 12-இன் காட்சி முனைகளைப் பாருங்கள், லோயர் காஃப் கிரீக் அருவிக்கு நடங்கள். பருவமழை செப்டம்பரோடு ஓய்ந்துவிடும் என்பது சரிதான், ஆனால் அக்டோபரில் பசிபிக் பக்கமிருந்து வரும் குளிர்கால மழைகளும் புயல் மிச்சங்களும் உண்டு. அவை மதிய இடிமழை போல ஒரு மணி நேரத்தில் முடியாமல் நாள் முழுக்கப் பெய்யும். மேலே சொன்ன களிமண் சாலைக்கும் அதுவே எமன்.

உள்ளே போனபின் பார்க்க வேண்டியவை. தலைக்கு மேலே சுவரிடுக்கில் செருகிக்கிடக்கும் மரத்துண்டு, காய்ந்த சருகுக்கற்றை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் கலங்கினால், சுள்ளி மிதந்து வந்தால், திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், தூரத்து லாரி மாதிரி உறுமல் கேட்டால், வந்த வழியே வெளியே ஓட நேரமிருக்காது. எங்கே ஏற முடியுமோ அங்கே ஏறுங்கள். நடக்கும்போதே "அடுத்து எங்கே ஏறலாம்" என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறவே முடியாத நீளம் தொடங்குகிற இடத்தில் நின்று வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

பீக்-அ-பூவின் வாயிலில் 10-12 அடிச் சுவர் ஏற வேண்டும், பிடிக்கக் குழி வெட்டியிருக்கும். ஒருவர் கீழே நின்று பாதத்தைத் தாங்கினால் எளிது. ஸ்பூக்கி சில இடங்களில் 10 அங்குலம்தான். முதுகுப்பையைக் கழற்றித் தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ பிடிக்க வேண்டும், பெரிய உடம்புக்காரர் முயலாமல் இருப்பதே மரியாதை. பொதுவாக பீக்-அ-பூவில் ஏறி ஸ்பூக்கியில் இறங்குவார்கள். எதிர்த்திசையில் வந்தால் நடுவே ஆள் மாறவே இடமிருக்காது.

ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடந்துபோகும் நேரோஸ் என்ற இடுக்கு, ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடப்படும். அக்டோபரில் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே இருக்கும், ஆனால் தண்ணீர் குளிரும். நியோபிரீன் சாக்ஸும் கோலும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்கு எடுங்கள்.

இப்போது கூடாரம். வறண்ட ஓடையின் மணல் சமமாக, மெத்தென்று, காற்று மறைவாக இருக்கும். அங்கே மட்டும் போடாதீர்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். காட்டன்வுட் மரத்தின் பட்ட கிளைக்குக் கீழேயும் வேண்டாம். தரையில் கருத்த, மேடுபள்ளமான, பொருக்குப் போன்ற மண் தெரிந்தால் அது உயிருள்ளது: பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைக் கட்டி வைத்திருக்கும் ஓடு. ஒரு காலடி பட்டால் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள். பாறைமீதும் ஓடை மணல்மீதும் ஏற்கெனவே உள்ள தடத்திலும் மட்டும் நடங்கள்.

பாறைமேல் முளை தேவையில்லை. கூடார வளையத்தில் 5 அடிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சுருக்குப் போட்டு ஒரு தேங்காயளவு கல்லில் மாட்டுங்கள். அந்தக் கல்லைக் கூடாரத்திலிருந்து இழுத்துக் கயிற்றை முறுக்கேற்றி, கல்லுக்கு முன்பக்கம், கயிற்றின் மேலேயே, இரண்டு கையாலும் தூக்குமளவு பெரிய கல்லை வையுங்கள். சிறிய கல் பெரியதன் முதுகில் இடித்து நிற்கும், காற்று இழுக்க இழுக்க இறுகும். கயிறு கூரான விளிம்பில் உரசினால் இடையில் துணி. காலையில் கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மணலில் முளை ஊசியாக இருந்தால் கையோடு வரும். பொருள் வைக்கும் துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்கையாகப் புதையுங்கள். பிற்பகலில் காற்று எழும். ஆளில்லாத கூடாரத்தைக் கம்பியோடு நிற்க வைத்துவிட்டு நடக்கப் போகாதீர்கள், கம்பியை உருவித் தரையில் படுக்க வைத்து மேலே கல் வையுங்கள். ஜிப்புக்கு எதிரி மணல். தினமும் ஒரு பழைய பல் தேய்ப்பானால் பல்வரிசையைத் தட்டிவிட்டால் 9 நாள் தாங்கும்.

பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல், அக்டோபர் இரவு பூஜ்யம் செல்சியஸுக்குக் கீழே போகும். உறங்குபை மைனஸ் 7 டிகிரிக்கு ஏற்றதாக, பாயின் ஆர் மதிப்பு (தரைக்குளிரைத் தடுக்கும் அளவு) 4 அல்லது மேலாக. பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் உருளை அங்கே காலையில் எரியாது, ஐசோபியூட்டேன் கலவையோ புரொப்பேனோ வாங்குங்கள்.

---

வரிப்பாதை

டயர் காற்று பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லாருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுதான் தார்ச்சாலைக்கு. வரிச்சாலைக்கு 25. ஆழமான மணலுக்கு 18-20, அதற்குக் கீழே உங்கள் டயருக்கு வேண்டாம்: ரிம் கல்லில் மோதும், விளிம்பு ரிம்மிலிருந்து கழலும். இறக்கிய காற்றோடு மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகும், நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சூட்டிலேயே கிழியும். ஆகவே தார் தொட்டவுடன் ஓரம் நிறுத்தி நிரப்புங்கள், ஊருக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காற்று எச்சரிக்கை விளக்கு எரியத்தான் செய்யும், பயம் வேண்டாம்.

அளப்பது காலையில், ஓட்டுவதற்கு முன். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். பிரைஸின் உறைபனிக் காலைக்கும் பேஜின் மதியத்துக்கும் 4-5 வித்தியாசம் காட்டும், டயர் கசிகிறது என்று பதறாதீர்கள்.

கம்ப்ரசர் பேட்டரியில் கவ்வும் வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது ஃபியூஸைச் சாப்பிடும், நான்கு டயருக்கு முக்கால் மணி நேரமும் ஆகும். நிரப்பும்போது எஞ்சின் ஓடட்டும்.

மணலில் இறங்குமுன் நின்று விடிசி (வழுக்கல் கட்டுப்பாடு) பொத்தானை அணைக்கவும். இல்லையென்றால் சக்கரம் சுழலும்போதெல்லாம் கணினி விசையைக் குறைத்து, சரியாக நடுமணலில் நிறுத்திவிடும். ஒரே சீராகப் போங்கள். நகர்வது நின்று மூன்று நொடி ஆகிவிட்டால் காலை எடுங்கள். நான்காவது நொடியிலிருந்து நீங்கள் குழிதான் தோண்டுகிறீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணைச் சரிவாக வாரி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். கியர் எண்ணெய் சூட்டு விளக்கு சிமிட்டினால் பார்க்கிங்கில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு நில்லுங்கள், அணைத்தால் குளிர்விப்பும் நின்றுவிடும்.

சுபாருவுக்கே உரிய தலைவலி ஒன்று: நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது நிறுவனம். பாதி தேய்ந்த மூன்றோடு புதிது ஒன்றைப் போட்டு ஆயிரம் மைல் ஓட்டினால் நடு கிளட்ச் தேயும். எனவே முழு ஸ்டெப்னி வாங்கும்போது அதே மாடலில், ஏறத்தாழ அதே தேய்மானத்தில் பழைய டயர் தேடுங்கள். இருக்கிற மெலிந்த ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி, முக்கால் அங்குல பிளைவுட் பலகை. மணலில் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தன்னைப் புதைத்துக்கொள்ளும்.

நீங்கள் இரண்டு பேர் என்பதால் ஒன்று செய்யலாம், தனியாகப் போகிறவனுக்கு இது கிடையாது. கரடான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் 15-20 அடி தள்ளி நின்று வழிகாட்டுங்கள். வாயால் கத்துவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது. கைதான்: எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ சக்கரம் அந்தப் பக்கம், மூடிய முஷ்டி என்றால் நில். ஓட்டுபவருக்கு அவர் முகம் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது. வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. வண்டி நின்றுபோனால் ஒருவர் உதவி தேடி நடக்க, மற்றவர் காத்திருக்க என்று பிரியாதீர்கள். நிழல், தண்ணீர், மேலிருந்து பார்த்தால் தெரியும் பெரிய உருவம், மூன்றும் வண்டிதான். சிக்னல் இருக்காது, எனவே செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று வாடகைக்காவது எடுங்கள். எந்தச் சாலை, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஊரில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

சாவி இரண்டு எடுத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக, ஜிப் போட்ட பையில். ஸ்பூக்கியின் 10 அங்குல இடுக்கில் சட்டைப்பையிலிருந்து நழுவிய சாவியைக் குனிந்து எடுக்க முடியாது.